வேண்டாம் மேடம்

என் மனைவிக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர் 'வேண்டாம் மேடம்'. பத்தொன்பது வருடமாக ஒரு சுற்றுலா அலுவலகத்தில் டிக்கெட் பதிவு செய்கிறாள். மூன்று கவுண்டர்களில் அவளுடையது கடைசி. அதன் தலைக்கு மேல் இருக்கும் மின்விசிறி சுற்றினால் புயலாகச் சுற்றும், இல்லாவிட்டால் சுற்றவே சுற்றாது. முதல் இரண்டு கவுண்டர்களில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஜனங்களோ இவள் முன்னால், பறக்கும் காகிதங்களைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி காத்திருப்பார்கள். யார் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் முக்கால்வாசி நேரம் இவள் வாயில் முதலில் வருவது, "அங்க வேண்டாம் சார்." காரணத்தை அப்புறம் சொல்வாள். அதைக் கேட்டும் போகிறேன் என்பவருக்கு மறுபேச்சில்லாமல் டிக்கெட் போட்டுக் கொடுப்பாள்.

இந்தக் குணத்துக்கு ஆரம்பம் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. கல்யாணமான புதிதில் இவளை ஒரு மலைக்கு அழைத்துப் போனேன். அங்கே சூரியன் ஏழு நிறத்தில் உதிக்குமாம். மூன்று நாள், இருட்டோடு எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றோம். எங்கு பார்த்தாலும் பனிமூட்டம். பக்கத்தில் நிற்கும் புதுப் பெண்டாட்டியின் முகமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விடுதிக்காரர் தினமும் "நாளைக்குக் கண்டிப்பா தெரியும் சார்" என்று தேநீரை நீட்டுவார். கிளம்பும் அன்று இவள் அவரைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

மனிதர் கொஞ்சம் யோசித்தார். "போட்டோல பாத்திருக்கேம்மா."

திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, பயணம் முடித்து வருகிற ஒருவரையும் இவள் விட்டதில்லை. 'நல்லா இருந்துச்சா' என்று கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் லீவு போட்டுப் போனவர் கௌரவத்துக்காவது ஆமாம் என்பாராம். "மறுபடி போவீங்களா?" என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு முகம் பொய் சொல்லாது என்பது இவள் கட்சி. பதிலையும் காரணத்தையும் அன்றே நோட்டில் எழுதிவிடுவாள். எட்டு நோட்டுகள் நிரம்பி, பைண்டிங் விட்டுப்போய்த் தாள்கள் உதிர ஆரம்பித்தபோது, அத்தனையையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடவாரியாக உட்கார்ந்து அடித்து முடித்தாள். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அதே வேலைதான். நான் கேலி செய்யாத நாளில்லை, அவள் காதில் வாங்கிய நாளுமில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. நான் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு அவள் அலுவலகம் போடும் நோட்டீஸ் என்னிடம்தான் வரும். அதற்கான வாசகத்தையும் அவள்தான் அடித்துக் கொடுப்பாள். ஒரே பென் டிரைவில் இரண்டு பட்டியல்கள், இரண்டுக்கும் 'இடங்கள்' என்றே பெயர். நான் எடுத்தது அவள் நோட்டிலிருந்து அடித்த பட்டியலை. எங்கள் தொழிலில் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா, மை பரவியிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டோம். பிழை பார்க்க வேண்டிய அவள் முதலாளியோ, "போன வருஷம் போட்டதுதானே, அப்படியே அடிச்சுடுங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார். மூவாயிரம் நோட்டீஸும் அச்சகத்திலிருந்து நேரே பேப்பர் ஏஜெண்டுக்குப் போய், மறுநாள் விடிவதற்குள் வீடு வீடாக விழுந்துவிட்டன.

வழவழப்பான தாள், அழகான வண்ணப் படங்கள். கடற்கரைப் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: 'கடல் உண்டு. கரை முழுக்க ஹோட்டல் சுவர். போனவர்கள் பதினெட்டுப் பேர். மறுபடி போவேன் என்றவர் ஒருவர், அவருக்கு அங்கே பெண் முடிவாகியிருக்கிறது.' அருவிப் படத்துக்குக் கீழே: 'வருடத்தில் ஆறு வாரம் தண்ணீர். மற்ற நாளில் பாறை. பாறை நன்றாக இருக்கிறது.' ஏரிக்கு: 'வரிசையில் மூன்று மணி நேரம், படகில் எட்டு நிமிடம்.' அரண்மனைக்கு: 'இரண்டு அறைகள்தான் திறந்திருக்கும். அதில் ஒன்று செருப்பு வைக்க.'

பத்து மணிக்கு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி அறை. மேஜைமேல் அந்த நோட்டீஸும் பக்கத்தில் டைப் செய்த ஒரு கடிதமும் இருந்தன. 'நோட்டீஸில் உள்ளவை அனைத்தும் பொய். என் சொந்த மனக்கசப்பால் எழுதினேன்' என்று இவள் சொல்வதாகக் கடிதம். கையெழுத்துப் போட்டால் அதைக் கதவில் ஒட்டிவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்வார். போடாவிட்டால் நாளையிலிருந்து அந்தக் கவுண்டரில் வேறு ஆள்.

"சார், தப்பு முழுக்க என்னோடது. எங்கிட்ட எழுதி வாங்கிக்குங்க" என்று குதித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றைக்கு என் மேலேயே வந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இவள் கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு வைத்தாள்.

"தாள் மாறிப்போச்சுன்னு எழுதித் தரேன் சார், அது நிஜம். பொய்னு எழுத முடியாது. இதுல எந்த வரி பொய், நீங்களே காட்டுங்க. அந்த வரிக்கு மட்டும் கையெழுத்து போடுறேன்."

முதலாளி நோட்டீஸைக் கையில் எடுத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார்.

வெளியே வந்ததும் கவுண்டர் டிராயரைத் திறந்து பேனா, மூக்குக் கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டாள். இவளுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். காய்ச்சலோடுகூடப் போய் உட்கார்ந்தவள். அடுத்த நாலு நாளும் ஒன்பதரைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல், "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்று சொல்லிவிட்டேன்.

"போட்டா நாற்காலி கிடைக்கும். அதுல உக்காந்து நான் என்னத்தச் சொல்றது?" என்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. வாசலில் முதலாளி. உள்ளே வந்து, துணி மடித்து வைத்திருந்த நாற்காலியில் துணியோடு சேர்த்து உட்கார்ந்துவிட்டார். எடுக்கிறேன் என்றாலும் விடவில்லை. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. தன் மனைவியின் அப்பா அம்மாவை முதல் முறையாக எங்காவது அழைத்துப் போகவேண்டும். மாமனார் லேசில் வாயைத் திறக்க மாட்டார், திறந்தால் அதைப் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்.

"வீட்ல அந்த ஏழு நிறச் சூரியன் மலைக்குத்தான் போகணும்னு நிக்கிறாங்க. நம்ம நோட்டீஸ்ல வருஷா வருஷம் முதல் படமே அதுதானே…" என்று இழுத்தார். "எங்க போகலாம்மா?"

பத்து இடத்துக்கு பஸ் விடுகிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவள் சிரிக்கவில்லை. கவுண்டரில் யார் கேட்டாலும் எப்படி யோசிப்பாளோ அப்படியே யோசித்தாள்.

"மலைக்கு வேண்டாம் சார். மலைக்குப் போற வழியில, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆத்தங்கரை ஊர் இருக்கு, நம்ம பஸ் அங்க போறதில்ல, ரயில்தான். பாக்கறதுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் படியில கால் நனைச்சு உக்காரலாம், அவ்வளவுதான். இதுவரைக்கும் பதினோரு பேர் போயிருக்காங்க. பதினோரு பேரும் மறுபடி போனாங்க."

அவர் ஊரின் பெயரைக் கேட்டு போனில் குறித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசில நான் கையெழுத்து போட்டிருந்தா, இப்ப இதை எழுதிக்கிட்டிருப்பீங்களா சார்?"

போனில் இருந்த விரல் நின்றது.

"மாட்டேம்மா" என்றார். "கேக்கவே வந்திருக்க மாட்டேன்."

என் பெண்டாட்டி என்று தெருவில் இறங்கிக் கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"கடுதாசியைக் கிழிச்சுட்டேன். காலைல கவுண்டருக்கு வந்துடுங்க."

"சரி சார்" என்றாள் இவள். "உங்களுக்கு நாலு டிக்கெட்டா, அஞ்சா?"