வெட்டுக்கட்டையில் எட்டு மணி நேரம்

தெருவில் அவளுக்கு அரைக்கிலோ என்றுதான் பெயர். தராசைப் பார்க்காமலே அரைக்கிலோ தொடைக்கறியை அறுத்துப் போடுவாள். நிறுத்துப் பார்த்தால் முள் ஆடாது. அப்படிப்பட்டவள் பத்து மணி ஆனதும் கை கழுவிவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போனால் தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே, இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா கரைகிறது?

பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: "வகுப்புல ஒரு மணி நேரம்னா வெளியில ரெண்டு மணி நேரம் படிக்கணும். முடியாதவங்க இங்க வந்து பெஞ்சைத் தேய்க்க வேணாம்." நாலு மணி நேர வகுப்புக்கு எட்டு மணி நேரம். சொல்லுகிறவருக்கு என்ன! விடியும் முன் தோலுரித்து, வகுப்பு விட்டு வந்ததும் ராத்திரி வரை குடல் கழுவுகிறவள் எட்டு மணி நேரத்துக்கு எங்கே போவாள்? அரைக்கிலோ ஒரு வழி கண்டுபிடித்தாள். குறிப்புகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆடு தொங்கும் கொக்கியிலேயே மாட்டினாள். ஒரு வெட்டு, ஒரு வரி. ரத்தம் தெறித்தால் துடைத்துவிட்டு அடுத்த வரி.

கடை அண்ணனுடையது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கத்தி பிடித்தவன். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"கொக்கியில ஆடு தொங்கணும்டி, பாடம் தொங்கக் கூடாது!" என்று கறி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அறைவான். ஒரு நாள் எலும்பை எறிந்து அவள் உதட்டைக் கிழித்தான். அவள் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே பக்கத்தை முடித்தாள். இதையும் அண்ணன் பாசம் என்று சொல்லுகிற நாக்கு அழுகட்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்தாள். கொக்கியில் உறை காலி. அண்ணன் அவள் குறிப்பைக் கிழித்து ஈரலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

"பொட்டலத்துக்குப் பேப்பர் தீந்துபோச்சு. நல்ல கெட்டிப் பேப்பர்!" என்று இளித்தான்.

ஆறு மாத உழைப்பு, நாற்பது வீட்டு அடுப்படிக்குப் போயிருந்தது. அவள் கத்தியை எடுத்தாள். கூர்ப்பக்கத்தை மேலே திருப்பினாள். அவ்வளவு நிதானம்தான் மிச்சம் இருந்தது. கட்டை மேலிருந்த அவன் வலது மணிக்கட்டில் முதுகுப் பக்கத்தால் ஓங்கி ஒரே போடு. எலும்பு முறியும் சத்தம் இருவருக்கும் புதிதில்லை. அப்புறம் அவன் அலறிக்கொண்டே இடது கையால் அவள் முடியைப் பிடித்துக் கட்டையில் மோதினான். நெற்றி பிளந்தது.

மறுநாள் காலை அவன் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்டுகிறவன் கையை உடைத்தால் வேறு யார் வெட்டுவது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். தேர்வு பத்து மணிக்கு. தவறினால் ஒரு வருடம் போச்சு. நெற்றித் தையல் விண்விண்ணென்று தெறிக்க, ஐந்து மணியிலிருந்து வெட்டினாள். ஒன்பதரைக்கும் வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

"அண்ணே, நான் போகணும்."

"போய்த் தொலை! இங்க யாரு உன்னைக் கட்டிப் போட்டிருக்கா?"

இடது கையால் கத்தியைப் பிடுங்கினான். முதல் வெட்டே கட்டையைத் தாண்டிப் போனது. அவள் தயங்கினாள்.

"என்னடி வேடிக்கை? ஓடு!"

ஓடினாள்.

முதல் கேள்வி: காயத்துக்கும் கொடுங்காயத்துக்கும் என்ன வேறுபாடு? எலும்பு முறிந்தால் கொடுங்காயம். நாலு பக்கம் எழுதினாள். நக இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது கடையில் யாரும் இல்லை. பாதி ஆடு அப்படியே தொங்கியது. அண்ணனின் இடது கையிலும் பெரிய கட்டு. கத்திப் பிடி வழுக்கி, கட்டைவிரல் நுனி போயிருந்தது.

"எழுதினியா?"

"எழுதினேன்."

"அடுத்தது?"

"நாளன்னைக்கு."

"அப்ப உக்காந்து படி. இனிமே உன்னை அடிக்கவும் எனக்குக் கை இல்ல."

அவளுக்கு அழுகை முட்டியது. அதைக் காட்டினால் அவள் அரைக்கிலோ இல்லையே. புத்தகத்தைப் பிரித்து அவன் மடியில் எறிந்தாள். கொக்கியிலிருந்து ஆட்டை இறக்கிக் கட்டையில் போட்டாள்.

"வாசி. முழங்கையால பக்கத்தைத் திருப்பு. எட்டு மணி நேரம். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் முழங்கையும் போயிடும்."