வல்லாரைத் தட்டு

தின்கன்ஜூன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது செல்வத்தின் சாப்பாட்டுக் கடை. மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் அவருடைய மகள் நிலா படித்துக்கொண்டிருக்கிறாள். நாளை அவளுக்குப் பரீட்சை. விரித்த புத்தகத்தின் மேலேயே ஒரு தட்டு வந்து இறங்குகிறது. பச்சை வல்லாரையோடு வெங்காயமும் வறுத்த நிலக்கடலையும் எலுமிச்சை பிழிந்து பிசைந்தது. இந்தக் கீரைக்கு இங்கே பர்மிய மொழியில் மியின்குவா என்று பெயர். குதிரைக் குளம்பு என்று அர்த்தமாம். இலையைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"ஞாபகசக்திக்கு நல்லது. நல்லா சாப்பிடும்மா" என்கிறார் செல்வம்.

"யாரு சொன்னா? இது தூக்கத்துக்குக் குடுக்கறது" என்கிறார் அவர் மனைவி மா கின். பர்மியரான அவர் கணவரிடம் கற்ற தமிழில் பேசுகிறார். "பிள்ளை ராத்திரி நல்லா தூங்கணும்."

காலையிலும் இதே தட்டுதானாம். நிலா கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறாள்.

செல்வம் என் பக்கம் திரும்புகிறார். "ஐயா ஊர்லேர்ந்து வந்தவரு. நீங்களே சொல்லுங்க, ஞாபகத்துக்கா, தூக்கத்துக்கா?"

மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் தின்னப்போவது அந்தப் பெண்தான். இரண்டுக்கும் என்றால் இரண்டு தட்டு வரும்.

"எங்க ஊர்ல பரீட்சை முடிஞ்ச பிறகுதான் குடுப்போம்" என்கிறேன்.

செல்வம் யோசித்துவிட்டுத் தலையாட்டுகிறார். மா கின்னும் மறுக்கவில்லை. நிலா தட்டை மெல்ல என் பக்கம் தள்ளுகிறாள்.

"அப்ப நீங்க சாப்பிடுங்க மாமா. உங்களுக்குத்தான் பரீட்சை இல்லையே."