கூண்டைத் திறந்தது காற்றல்ல

சல்லடை என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன், பக்கம் வடிவமைக்கும் பையன்தான். மற்றவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவன் நேரிலேயே சொல்லிவிட்டு, "பாராட்டுதான்க்கா, உங்களத் தாண்டி ஒரு பிழை போகுமா?" என்று சமாளிப்பான். அந்தச் சிறுவர் நூல் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அந்த அம்மாளுக்கு உள்ளூர அந்தப் பெயர் பிடித்தே இருந்தது. காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால்கூட, அவருடைய பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போனதைச் சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார். பிறர் பிழையை இத்தனை அன்போடு தேடுகிறவர், தன் பிழை என்று ஒன்றை அதுவரை சந்தித்ததில்லை.

சந்திப்பு ஒரு மாயக் கதையில் நடந்தது. எழுதியவள் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் உட்காரும் இளம்பெண். அவளுக்கு அது முதல் புத்தகம். மலைமேல் ஒரு நகரம். அங்கே பருவம் வரும்போது ஒவ்வொரு குழந்தையையும் ஒரு கழுகு தேடி வந்து தேர்ந்தெடுக்கும். கதாநாயகியின் தோழிக்குக் கழுகு முதலில் வந்துவிடுகிறது. பொறாமை தாங்காமல் நாயகி கூண்டைத் திறந்துவிடுகிறாள். கழுகைத் தேடிப் போன தோழி மூடுபனிக்குள் தொலைகிறாள். அவளை மீட்க நாயகி கிளம்புகிறாள்.

சல்லடைக்கு அந்தச் சிறுமியை ரொம்பப் பிடித்துவிட்டது. தைரியசாலி, வாயாடி, தாயிடம் பிரியமானவள். இப்படிப்பட்ட பெண்ணுக்குப் பொறாமையா? துணைக்கால் தவறிய சொல்லைப் போல அது அவர் கண்ணில் உறுத்தியது. வடிவமைப்பாளன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவன் கணினியில் உட்கார்ந்தார். பொறாமைப் பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே வாக்கியம் வைத்தார்: 'மலைக்காற்று தாழ்ப்பாளை மெல்ல நெகிழ்த்தியது.' படித்துப் பார்த்தார். நன்றாகவே இருந்தது. எழுந்து கை கழுவினார்.

அச்சு ஓடத் தொடங்கிய அன்று, மாதிரிப் பிரதியைப் பார்க்க எழுத்தாளர் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"சார், என் கதையில காத்து எங்கேருந்து வந்துச்சு?"

முதலாளியின் அறை மாடியில்; கீழே அச்சு எந்திரம். அது ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளை நடுங்கும். இப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசப் பேச, கீழே அந்தக் காற்று பக்கம் பக்கமாக அச்சாகிக் குவிந்துகொண்டிருந்தது.

"காத்து திறந்தா என்னம்மா, பொண்ணு திறந்தா என்ன? கழுகு பறந்துடுச்சுல்ல?" என்றார் முதலாளி.

"பொறாமை இல்லாட்டி அவ வீட்டு வாசலத் தாண்டவே மாட்டா சார். தான் செஞ்ச தப்புதான் அவள இழுத்துட்டுப் போகுது. அத எடுத்துட்டா அவ சும்மா ஊர் சுத்தப் போற மாதிரி ஆயிடும்."

முதலாளி வடிவமைப்பாளனைக் கூப்பிட்டார். அவன் வந்து நின்ற விதத்திலேயே பாதிக் குற்றம் நிரூபணமாகிவிட்டது. காரணம் உண்டு. விலங்குகள் புத்தகம் ஒன்றில் பக்கத்துக்குள் அடங்கவில்லையென்று ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் குட்டையாக்கியவன் அவன். அது கழுதையா என்று கேட்டு ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இன்னொன்று நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அப்போதே பேச்சு. இந்த நிலையில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் நேரில் வந்து, வேலை நிலையானதுதானா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

"உன் கம்ப்யூட்டர்லதான மாறியிருக்கு?"

"ஆமா சார். ஆனா நான் தொடல சார்."

"அப்போ அதுவே எழுதிக்கிச்சா?"

முதலாளி கதவோரம் நின்ற சல்லடையிடம் திரும்பினார். "அம்மா, நீங்க கடைசியாப் பாத்தப்போ இது இருந்துதா?"

அறையில் மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். நான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு வாய் வரவில்லை.

"நான் கவனிக்கல," என்றார்.

அவர் வாழ்நாளில் சொல்லியிராத வாக்கியம் அது. வடிவமைப்பாளன் திடுக்கிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். சல்லடை குவளையைப் பார்த்தார்.

முதலாளிக்கு வழி பிறந்துவிட்டது. எந்திரத்தை நிறுத்துவதைவிட ஓர் ஆளை நிறுத்துவது சுலபம். "இவன இன்னைக்கே அனுப்பிடுறேம்மா. புத்தகம் அப்படியே போகட்டும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"சார், எங்க மாமனார்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றான் அவன்.

"காத்து அடிச்சுதுன்னு சொல்லு."

சல்லடை இப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மனசாட்சி அவரை உலுக்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு.

போகத் திரும்பிய வடிவமைப்பாளன், கதவருகே நின்று, எழுத்தாளரிடம் கடைசியாக ஒன்று சொன்னான். "மேடம், சத்தியமா நான் எழுதல. நான் எழுதியிருந்தா இவ்ளோ மோசமாவா எழுதுவேன்?"

"எது மோசம்?" என்றது ஒரு குரல்.

சல்லடையின் குரல்தான். அவருக்கே அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு நிறுத்தத் தெரியாது.

"அந்த வாக்கியத்துல என்ன குறை? 'நெகிழ்த்தியது'ங்கிற வார்த்தை உனக்கு வருமா தம்பி? ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எவ்வளவு நீளம்னு தெரியாதவன், என் வாக்கியத்தை மோசம்ங்கிறான்!"

என் வாக்கியம். குவளை நடுங்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். எழுத்தாளர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். பல்வலிக்காரர்களிடம் பேசும் நிதானத்தோடு கேட்டாள்:

"நீங்கதானா மேடம்? சரி. அப்போ ஒண்ணு சொல்லுங்க. பின்னாடி மூடுபனிக்குள்ள அந்தப் பொண்ணு தோழியோட கால்ல விழுந்து, 'என்ன மன்னிச்சுடு'ன்னு அழறாளே. காத்து செஞ்சதுக்கு இவ எதுக்கு அழறா?"

சல்லடை மாதிரிப் பிரதியை இழுத்துப் புரட்டினார். அந்த அழுகை அங்கேயே இருந்தது. காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது. முன்னே ஒன்று, பின்னே ஒன்று. பிறர் புத்தகத்தில் கண்டிருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் குத்திக் கிழித்திருப்பார். இது அவருடைய கையாலேயே நுழைந்து, அவருடைய கண்ணையே தாண்டிப் போயிருக்கிறது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எழுத்தாளரே நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை. முதலாளியின் மேசையிலிருந்த தொலைபேசியை, கேட்காமலே எடுத்தார்.

"கீழ யாரு? எந்திரத்த நிறுத்துங்க. ஆமா, இப்பவே. பிழை இருக்கு." ஒரு கணம் நின்றார். "என்னோட பிழை."

குவளை அசைவது நின்றது.

"இவ்வளவு காகிதமும் பாழ்," என்றார் முதலாளி. "இனிமே கதைப் பக்கம் உங்க கை வரக்கூடாதும்மா. வாய்ப்பாடு, வரைபடம், அவ்வளவுதான்."

"சரி," என்றார் சல்லடை. வாதாடவில்லை. "பையன் இருக்கட்டும்."

"இருந்து தொலைக்கட்டும்."

வெளியே கணினி முன்னால் வடிவமைப்பாளன் பழைய பத்தியைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தான். சல்லடை அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பொறாமை திரையில் வரிவரியாகத் திரும்பி வந்தது.

"தம்பி," என்றார். "உள்ள நான் பொய் சொன்னேன். உன் வேலை போகும்னு தெரிஞ்சே சொன்னேன்."

அவன் திரும்பவில்லை. விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே கேட்டான்:

"உங்க வாக்கியத்தை மோசம்னு நான் சொல்லலேன்னா?"

சல்லடை யோசித்தார். உண்மையான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

"போயிருப்ப," என்றார்.

அவன் இப்போது திரும்பி, அவரை நேராகப் பார்த்தான். பிறகு காலால் பக்கத்து முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டான்.

"உக்காருங்க. நான் படிக்கிறேன், நீங்க மூலப் பிரதியப் பாருங்க. ஒரு எழுத்து மாத்தினாலும் கத்துவேன்."

சல்லடை உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.