இடியில் போன மோடம்

என் தங்கைக்குக் காது கேட்காது. அதனால் இடி இடித்தால் மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டில் என் வேலை. எங்கள் ஊரான கிள்ளானில் சில மாதங்கள் அநேகமாகத் தினமும் அந்த வேலை இருக்கும். அந்த ஞாயிறு மதியமும் இடி எனக்குக் கேட்டது. துறைமுகப் பக்கத்து அலுவலகத்தில் வாரம் முழுக்க உழைத்த உடம்பு எழ மறுத்தது. ஒரு நாள்தானே என்று திரும்பிப் படுத்தேன். விழித்துப் பார்த்தபோது மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை.

தங்கை தோழிகளிடம் பேசுவது வீடியோவில், கையால். படம் விட்டு விட்டு வந்தால் பாதிப் பேச்சு போய்விடும்.

"என்னாச்சு?" என்று சைகையில் கேட்டாள்.

"கெட்டுப்போச்சு" என்றேன். நான் தூங்கியதைச் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், நான்கு ஆண்டெனா நிமிர்ந்து நின்ற ஒரு ரௌட்டரை வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் டெலிபோன் வயரைச் செருக அதில் இடமே இல்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அறைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓவர்டைம். வீட்டுக்குள் கைப்பேசியில் நெட் சரியாக எடுக்காது. நான் வரும்போதெல்லாம் அவள் வாசல் கேட் அருகே போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். ஒரு கையில் போன் இருந்தால் மற்றக் கையால் எவ்வளவுதான் பேசுவது? 'சனிக்கிழமை கடைக்குப் போலாம்' என்று காட்டிவிட்டு உள்ளே போவேன். அதற்குக் கையைத் தூக்குவதே அலுப்பாக இருந்தது.

சனிக்கிழமை அவளையும் ரௌட்டரையும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"வீட்டுல பைபரா, பழைய டெலிபோன் லைனா, அக்கா?" என்றார் கடைக்காரர்.

"டெலிபோன் லைன்தான். எங்க குடியிருப்புல, அந்தத் தாமான்ல, இன்னும் பைபர் வரல."

"அதான் லா. இது வீட்டுக்குள்ள வைஃபை பரப்பும், அவ்வளவுதான். லைன்லேருந்து நெட்ட எடுக்க மோடம் வேணும்."

உள்ளே தேடி, தூசி தட்டி இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் மோடமும் ரௌட்டரும் சேர்ந்தே இருந்தன. இன்னொன்று சின்ன மோடம் மட்டும்; அதை நான் வாங்கிய ரௌட்டரோடு இணைக்கலாம். ஒரே பெட்டி, ஒரே தலைவலி என்று முதலாவதை எடுத்தேன். தங்கை என் கையைத் தொட்டாள்.

"இடி விழுந்தா எது போகும்னு கேளு."

கேட்டேன்.

"லைன்ல வர்ற இடி மோடத்ததான் மொதல்ல அடிக்கும். ஒண்ணா இருந்தா எல்லாம் போயிரும். தனியா இருந்தா ரௌட்டர் தப்பிச்சாலும் தப்பிக்கும்."

அவள் சின்ன மோடத்தைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு மின்னல நானும் பாத்தேன். நீ பிடுங்கியிருப்பேன்னு நெனச்சேன். அப்புறம்தான் நீ தூங்கறதப் பாத்தேன். இனிமே நானே பிடுங்கறேன்."

ஒரு வாரமாகத் தெரிந்தே என்னைக் குற்றம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சின்ன மோடத்துக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் இரண்டு பெட்டிகளையும் இணைத்து, உதவி எண்ணுக்கு நான்கு முறை அழைத்து, லைனின் பாஸ்வேர்டு வாங்கிப் போட்டு முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்றது. அவள் போனை மேசையில் சாய்த்து வைத்து, செராஸில் இருக்கும் தோழியிடம் இரண்டு கையாலும் பேசத் தொடங்கினாள். நான் சோபாவில் சரிந்தேன். சோறு வைக்க வேண்டும். எழவில்லை. நடுவில் என்னைச் சுட்டிக்காட்டி இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று கவனிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.