ஓட்டை போட ஓர் அனுமதி

காரோடு வந்த கையேட்டின் ஏழாம் பக்கப்படி, எந்தக் குறையை எழுதித் தெரிவித்தாலும் இத்தாலியத் தொழிற்சாலை ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், மழைக்கு ஒரு பட்டறையில் ஒதுங்கியிருக்கிறேன். உள்ளே, மழையில் நனைந்து வந்த கூரையில்லாத சிவப்புக் கார். பல ஆண்டுகள் ஆராய்ந்து உருவாக்கி, எண்ணிச் சில கார்களே செய்தார்களாம். ஆராய்ச்சியில் மழை மட்டும் விடுபட்டுவிட்டது. மெக்கானிக் அந்தோணி, காலிப் பால் டின் ஒன்றால் காருக்குள் தேங்கிய தண்ணீரை மொண்டு ஊற்றுகிறார்.

"அடியில ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிடுமே, தம்பி?"

"பெர்மிஷன் இல்லாம போட்டா வாரண்டி போயிரும்லா, அண்ணே. லெட்டர் போட்டு ஆறு மாசமாச்சு. நாளைக்கு மொதலாளி தவுக்கே இந்தக் காடிய எடுக்க வர்றாரு. சீட்டு ஊறிக் கெடந்தா என் வேலை காலி."

முப்பது வருடம் கோப்பு பார்த்த கை சும்மா இருக்குமா? நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதிக் கொடுக்கிறேன். அந்தோணி மரியாதையாகப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, துளைபோடும் மெஷினை எடுக்கிறார்.

அந்தோணி இன்னும் அதே பட்டறையில்தான். தொழிற்சாலையின் பதிலை நகலெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்த கார்களில் வடிகால் துளை சேர்க்கிறார்களாம். எந்த இடத்தில் போட்டால் நன்றாக வடியும் என்று அவர்தான் தெரிவிக்க வேண்டுமாம். அந்தக் கடிதம் அவருக்கு வந்து சேர்ந்தது அதே தைப்பூசத்துக்கு மறுநாள்.