கரிமணல் கிழி

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை இரண்டு தெரு தூரம். அலை வடிந்த பிறகு கரையில் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும் கரிமணலை உம்மா அள்ளிவந்து, கிளிஞ்சல் நீக்கிச் சலித்து, வாப்பாவின் பழைய கைலித் துணியில் முடிந்து வைத்திருப்பாள். இரும்புச் சட்டியில் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தால் எந்த வலியும் ஓடிவிடும் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. வெள்ளை மணலுக்கு அந்தக் குணம் கிடையாதாம், கனம் போதாதாம். பிரசவம் நடந்த வீடுகளுக்கெல்லாம் எங்கள் கிழி இரவல் போய்வரும்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது உம்மா கர்ப்பமாக இருந்தாள். அந்த வயதில் எனக்கு அது பெரிய மானப் பிரச்சினை. தோழிகள் வீட்டுக்கு வருகிறோம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவேன். எனக்குப் பிறகு உம்மா இரண்டு முறை உண்டாகி இரண்டுமே தங்கவில்லை என்பது தெரியும். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. பேசாத விஷயத்தை நான் இல்லாத விஷயமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் உம்மாவுக்கு இடுப்புவலி. அப்போதெல்லாம் செய்தது போலவே கிழியைச் சூடாக்கி இடுப்புக்கு அண்டைகொடுத்துப் படுப்பாள். சூடு ஆறிய பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

அந்த வருடம் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒரு தட்டில் மணல், ஒரு தட்டில் தண்ணீர், இரண்டையும் வெயிலில் வைத்து இரண்டிலும் வெப்பமானி. மணல் சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகச் சூடாகும், அதனால்தான் பகலில் கடலிலிருந்து காற்று வருகிறது. இதுதான் என் செய்முறை. நன்றாகச் சலித்த மணலுக்கு எங்கே போவது? உம்மாவின் கிழியைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகளும் என் தட்டை நம்பித்தான் சுற்றுகின்றன என்பது போல வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

பக்கத்து மேசையில் ஒரு கல்லூரி மேடம் கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார். சும்மா இருக்கும்போது அது எப்போதாவது ஒரு முறை ‘டிக்’ என்றது. மயிலாடியிலிருந்து வந்த பையன் கொடுத்த கல் சில்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கைதட்டு வாங்க ஆசை வந்தது. மீதி மணலைக் கிழியோடு கொண்டுபோய் நீட்டினேன்.

கருவி கதறியது. ஒரு ‘டிக்’குக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இல்லை. நான் கிழியை மேசையில் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தேன். சுற்றி நின்றவர்களும் விலகினார்கள், மணலிலிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்தும். மேடம் மட்டும் பதறவில்லை.

“இது எங்கருந்து மக்கா?”

“உம்மா இடுப்புக்கு ஒத்தடம் வைக்கது மேடம். உம்மா மாசமா இருக்கா.”

அவர் கருவியை அணைத்தார். “பயப்படாத. உங்க கரையில உள்ள மணல்தான், இதுல தோரியம் உண்டு. மிஷின் சத்தம் போட்டா உடனே சீக்குன்னு அர்த்தமில்ல கேட்டியா? ஆனா மாசமா இருக்கவ இத இடுப்புல வச்சுட்டுப் படுக்கண்டாம். உம்மாட்ட மெதுவாச் சொல்லு.”

‘மெதுவாக’ என்பது என் காதில் ஏறவே இல்லை. கிழியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கிழியைத் தொட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தேன். எந்தப் பிள்ளையால் எனக்கு மானம் போகிறது என்று நினைத்திருந்தேனோ, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகை முட்டியது. அது வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் உம்மா கட்டிலடியில் குனிந்து கிழியைத் தேடிக்கொண்டிருந்தாள். “ஏட்டி, என் கிழிய நீ எடுத்தியா?”

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மிஷின் கதறியது, எல்லோரும் ஓடியது, இனி அந்த மணலைத் தொடவே கூடாது, தம்பிக்கு ஆகாது. உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“இது இப்பம் வந்ததா மக்கா, இல்ல முந்தியே மணலுல உண்டுமா?”

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். போன வாரம்தான் படித்திருந்தேன். தோரியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து நானூறு கோடி வருடம் ஆகும், நாம் பிறப்பதற்கு முன்பே, இந்த ஊர் உண்டாவதற்கு முன்பே அது அங்கே இருந்தது என்று ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். பஸ்ஸில் இருந்த பயமெல்லாம் போய்விட்டிருந்தது. பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

“அப்பம், அந்த ரெண்டு தடவையும் இருந்திருக்கும்,” என்றாள் உம்மா.

“பின்ன இல்லாமலா?” என்றேன்.

தம்பி ஒரு குறையும் இல்லாமல் பிறந்தான். மற்ற இரண்டும் மணலால்தான் போயின என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் டாக்டர் இல்லை. நான்தான் இருந்தேன்.

உம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்து நான் புத்தகத்தை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். மத்தியானப் பாத்திரங்கள் எல்லாம் ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்ததைத் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.