ஒசாகாவில் நான் திருப்பிய சட்டை

நல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் யூனிட். 2006-இல் ஆர்டர் தேடி நானும் கணவரும் ஜப்பானின் ஒசாகா நகருக்குப் போனோம். ஒன்றும் அமையவில்லை. கடைசி நாள், கூரை போட்ட நீளமான கடைத்தெருவில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சுற்றினோம். ஒரு கடையில் கைக்குழந்தைச் சட்டைகள் தையல் வெளியே தெரியத் தொங்கின. என் கை சும்மா இருக்குமா? ஒன்றை நேராகத் திருப்பி மாட்டினேன்.

"விடு அம்மணி, கடைக்காரம்மா வர்றாங்க!" கணவர் பதறினார்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. தையலை என் மணிக்கட்டில் உரசி, குழந்தைபோல அழுது காட்டினார். பிறகு வழவழப்பான பக்கத்தை வைத்துச் சிரித்தார்.

"ஏனுங்க, இத நாமளே தைக்கலாமுங்க!" என்றேன்.

ஊர் திரும்பியதும் தைத்து, அந்தக் கடைக்கே சாம்பிள் அனுப்பினோம். ஆர்டர் வந்தது.

மறுவருடம் அதே தெருவில் எங்கள் சட்டை, தையல் வெளியே தெரியத் தொங்கியது. ஆசை தீரத் தொட்டுப் பார்த்தேன். திருப்பவில்லை.